கு ஸவ்வின் என்ற பல்லவி

2013 மார்ச் ஆறாம் தேதி, ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு, கிளென் ஃபியார்ன் எஸ்டேட்டின் ஆவணங்கள் நாற்பத்தொரு பெட்டிகளில் வந்து சேர்ந்தன. அவை நன்கொடையாக வரவில்லை. பாதுகாப்பில் வைத்திருக்கும்படி ஒப்படைக்கப்பட்டவை. உடைமை ஸ்ட்ராகன் குடும்பத்திடமே இருந்தது.

அவற்றை எடுத்துவர நேரில் போனவர்கள் இரண்டு பேர். நூலகத்தின் சுவடிப் பிரிவுக்குத் தலைவியான ஊனா மெக்காஸ்கில், பழுதான காகிதங்களைச் செப்பனிடும் டேவி இம்லாக். மாளிகையில் காகிதங்கள் இருந்த இடம், மான்களை உரித்துத் தொங்கவிடும் அறைக்கு மேலே ஒரு பரண். கீழேயிருந்து ஏறிவந்த இரத்த வாடையும் மேலே தங்கிப்போன எலி மூத்திரத்தின் காட்டமும் கலந்து தொண்டையில் பிசின் போல ஒட்டிக்கொண்டன. ஊனா முகமூடி போட்டிருந்தாள். ஒரு பலனும் இல்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய குத்தகைப் பத்திரக் கட்டு ஒன்றின் நாடாவை அவள் அவிழ்த்தபோது, நடுவில் ஒரு எலி, புத்தகத்தில் வைத்து உலர்த்திய இலை மாதிரி தட்டையாக, மீசை மயிர்கூடக் கலையாமல் கிடந்தது.

"இவரு குத்தகைக்காரரா, முதலாளியா?" என்று கேட்டார் டேவி.

முதலாளி கீழே முற்றத்தில் நின்றிருந்தார். ஹ்யூகோ ஸ்ட்ராகன், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர். முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டை, சிவந்த கன்னம், யாரோடும் சுலபமாகப் பேசும் சுபாவம். காலடியில் ஒரு கிழட்டு நாய். வந்தவர்களுக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுத்தார், கேக் வெட்டிக் கொடுத்தார். கேக்கில் நாய் மயிர் இருந்தது. ஊனா அதைக் கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஏணியில் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்த டேவி பாதியில் நின்று, ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஸ்ட்ராகன் கையை உயர்த்தி, "கூசாவின், கூசாவின்!" என்று கத்திவிட்டுத் தனியாகச் சிரித்தார். நாயைக் கூப்பிடுகிறார் என்று ஊனா நினைத்தாள். நாய் அசையவில்லை.

கோடை முழுவதும் காகிதங்களைச் சுத்தம் செய்யும் வேலை நடந்தது. டேவி மென்மையான தூரிகையால் எலிப் புழுக்கையைத் தட்டித் தட்டி ஒரு தட்டில் சேர்ப்பார். ஊனா ஒவ்வொரு கட்டையும் பழைய பட்டியலோடு ஒப்பிடுவாள். அந்தப் பட்டியல், 1893இல் ஸ்ட்ராகன் குடும்பம் எடின்பரோவிலிருந்து வரவழைத்த ஓர் அறிஞர் எழுதி அச்சிட்டது. அவருக்கு லத்தீன் தெரியும், பிரெஞ்சு தெரியும், பழைய ஸ்காட்ஸ் சட்டக் கையெழுத்து தண்ணீர் பட்ட பாடு. ஸ்காட்லாந்து மலைநாட்டின் மொழியான கேலிக் மட்டும் தெரியாது. தெரியாததை அவர் ஒரு குறையாக நினைத்ததாகவும் தெரியவில்லை. மலைப்பக்கத்து ஜனங்கள் பேனாவை எடுத்தால் பாட்டுதான் எழுதுவார்கள் என்று முடிவுகட்டி, கேலிக்கில் எழுதிய தாள் எது கிடைத்தாலும் பாடல் என்று பதிந்துவிட்டார். ஆட்டுச் சொறிக்கு மருந்து காய்ச்சும் முறை "இடையர் பாடல்" ஆகியிருந்தது. ஒரு படகுக்கு வாங்க வேண்டிய கயிறுகளின் விவரம் "கடல் பாடல், முற்றுப்பெறாதது."

ஊனா ஸ்கை தீவுக்காரி. பள்ளிக்கூடம் போகும்வரை கேலிக் தவிர வேறு மொழி கேட்காமல் வளர்ந்தவள். முதல் வாரம் இதையெல்லாம் டேவிக்குப் படித்துக் காட்டிச் சிரித்தாள்.

ஜூன் மாதம் முப்பத்திரண்டாவது பெட்டியைத் திறந்தார்கள். பட்டியலில் அந்தத் தாளுக்கு நேரே, "கேலிக் பாடல், பல்லவியுடன். மிக இனிமையானது" என்று இருந்தது. ஒரே தாள். சின்னச் சின்ன வரிகள், ஒவ்வொரு வரியும் ஒரே இரண்டு சொற்களில் முடிந்தது: கு ஸவ்வின். நவம்பர் வரைக்கும் என்று அர்த்தம். நவம்பர் முதல் நாள், அறுப்பெல்லாம் முடிந்து தானியம் வீட்டுக்குள் வந்துவிடும் நாள்.

அவள் நின்றுகொண்டே படித்தாள்.

கொல்லன் ஆங்கஸின் விதவை, கண் தெரியாதவள், நவம்பர் வரைக்கும். இயனின் மகள் கர்ஸ்தி, பிள்ளை பெற்று ஒன்பது நாள், நவம்பர் வரைக்கும். கிழவன் மர்டோ, எழுந்து உட்கார முடியாதவன், நவம்பர் வரைக்கும். கருப்போடை வீட்டில் இரண்டு பேர், வயிற்றுப்போக்கு, நவம்பர் வரைக்கும்.

இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள். 1819ஆம் ஆண்டு, மே மாதக் கெடுவுக்குள் பள்ளத்தாக்கைக் காலிசெய்துவிட்டுப் போகச் சொல்லியிருந்தார்கள். எஸ்டேட்டுக்கு ஆடு மேய்க்க நிலம் வேண்டியிருந்தது. விதைத்த பார்லியை அறுத்துக்கொண்டு போகிறோம், அதுவரை இருக்க விடுங்கள் என்று கெஞ்சி, வேதம் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர் வீட்டுக்கு ஒரு வரியாக எழுதிக் கொடுத்த விண்ணப்பம் அது. தாளின் பின்பக்கத்தில் எஸ்டேட் மேலாளர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: "படித்துக் காட்டப்பட்டது. ஏற்கவில்லை."

அதற்குக் கீழே, பென்சிலில், 1893ஆம் ஆண்டு அறிஞரின் கையெழுத்து: "இனிமை."

ஊனாவுக்குப் பரண் வாடை திரும்பி வந்தது போலிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுப் போய்க் கையைக் கழுவினாள். திரும்பி வந்து, டேவிக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவர் தூரிகையைக் கீழே வைத்தார். "பட்டியல மாத்திடு பொண்ணே, இன்னைக்கே மாத்திடு" என்றார்.

ஆனால் அந்தத் தாள் அதற்குள் நூலகத்தை விட்டு வெளியே போயிருந்தது. தாள் அல்ல, அதன் புகைப்படம். நூலக இயக்குநர் கிரஹாம் பெத்யூன், அக்டோபரில் ஒரு விழா ஏற்பாடு செய்திருந்தார். அந்த விழாவில் ஸ்ட்ராகன் நாற்பத்தொரு பெட்டிகளையும் பல்கலைக்கழகத்துக்கே நன்கொடையாக எழுதிக் கொடுப்பார். விழாவுக்கு இசை வேண்டும். பழைய பட்டியலைப் புரட்டிய பெத்யூன், "மிக இனிமையானது" என்ற இடத்தில் நின்றார். சுத்தம் செய்யும் வேலை அந்தப் பெட்டிக்கு வரும் முன்பே தாளைத் தேடியெடுத்துப் படமெடுத்து, பிப்பா லோரிமர் என்ற இசையமைப்பாளருக்கு அனுப்பிவிட்டார். மாணவர் சேர்ந்திசைக் குழுவுக்காக அவள் மெட்டுப் போட்டும் முடித்திருந்தாள்.

ஊனா அவர் அறைக்குப் போனாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். பெத்யூன் கெட்ட மனிதர் இல்லை, முகம் வெளிறியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு துடைத்துக்கொண்டே யோசிக்கத் தொடங்கினார். யோசிக்க யோசிக்க முகத்தில் நிறம் திரும்பி வந்ததை ஊனா பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

விழாவில் இதைச் சொன்னால் ஸ்ட்ராகன் முகத்தில் அறைந்தது போலாகும் என்றார். கையெழுத்துப் போடாமல் எழுந்து போவார். லண்டன் ஏலக்காரர்கள் ஏற்கெனவே இரண்டு முறை அவரைப் பார்த்துவிட்டார்கள். கட்டுக் கட்டாகப் பிரித்து விற்பார்கள். வரைபடம் ஒருவனுக்கு, முத்திரை வைத்த சாசனம் இன்னொருவனுக்கு. இந்தத் தாள் எவனுடைய படிப்பறைச் சுவரிலாவது கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும்.

"காகிதம் நம்ம கைக்கு வரட்டும், ஊனா. பட்டியலையும் அதுவரைக்கும் தொட வேணாம். அப்புறம் உண்மை எங்க ஓடிடப் போகுது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் சங்கடம். அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி உலகத்தில் இருக்கிற எழுத்தெல்லாம் அந்த நாற்பத்தொரு பெட்டிகளில்தான் இருந்தது. அது சிதறிப்போவதையும் ஊனாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வயிற்றுப்போக்கில் கிடந்தவர்களின் விண்ணப்பம் மீன் துண்டுக்கும் விஸ்கிக்கும் நடுவே தாலாட்டாகப் பாடப்படுவதையும் நினைக்க முடியவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தாள். பாடட்டும். ஆனால் நிகழ்ச்சிநிரலில் முழு மொழிபெயர்ப்பும் அச்சாக வேண்டும். யாரும் மேடையேறிப் பேச வேண்டாம். படிக்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள்.

பெத்யூன் ஒப்புக்கொண்டார். எழுந்து வந்து கைகூடக் குலுக்கினார். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது. வாசல்வரை வந்துவிட்டு, "இன்னொரு சின்ன விஷயம்" என்றார். குழுவில் யாருக்கும் கேலிக் தெரியாது. உச்சரிப்பைச் சரிபார்க்க ஊனா ஒரு நாள் ஒத்திகைக்கு வர முடியுமா?

போனாள். தப்பாகப் பாடப்படுவதைவிடச் சரியாகப் பாடப்படுவது மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

பிப்பா லோரிமர் எடின்பரோக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது இரண்டு கைகளாலும் காற்றை வருடுவாள். மெட்டு உண்மையிலேயே அழகாக இருந்தது. ஊனா அதை எதிர்பார்க்கவில்லை. பாட்டின் உச்சம், பெண் குரல்கள் மட்டும் தனியே மேலேறி ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடம். வூன்யாக். வூ-ன்-யாக். குரல்கள் கண்ணாடி போல நடுங்கின.

"இந்த வார்த்தைக்காகத்தான் மொத்தப் பாட்டும்" என்றாள் பிப்பா. "கடல் மூச்சு விடற மாதிரி இல்ல? அர்த்தம் என்னன்னு நான் பாக்கவே இல்ல. அர்த்தம் தெரிஞ்சா சத்தம் கெட்டுப்போயிடும்."

"பேதி" என்றாள் ஊனா.

"என்ன?"

"வயித்தால போறது. அதான் வூன்யாக்."

முன்வரிசையில் ஒரு பெண் பக்கென்று சிரித்தாள். "அதையா நாங்க அவ்ளோ நேரம் இழுக்கறோம்?" என்று கேட்டாள். குழுவே சிரித்தது. ஊனா சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். பிறகு முதல் வரியிலிருந்து, யார், என்ன, எதுவரைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மூன்றாம் வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. பின்பக்கம் மேலாளர் எழுதியதையும் சொன்னாள். 'இனிமை' என்ற பென்சில் குறிப்பைச் சொல்லவில்லை. பிப்பா அங்கே நின்றிருந்தாள்.

பிப்பா கண்களை மூடித் திறந்தாள். "கடவுளே. இப்ப இன்னும் ஆழமா இருக்கு" என்றாள். பிறகு குழுவைப் பார்த்து, "இந்த வலிய வச்சுக்கோங்க. அத அப்படியே ரெண்டாவது பக்கத்துல குடுங்க" என்றாள்.

குழு மறுபடி பாடியது. உச்சரிப்பு திருந்தியிருந்தது. சிரித்த பெண் வூன்யாக் வந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. பிப்பா அவளை இரண்டாம் வரிசைக்கு மாற்றினாள்.

விழா அக்டோபர் கடைசியில், மாலை ஐந்து மணிக்கு. நூலகத்தின் பெரிய கூடத்தில் மேசைகள் போட்டு, ஓட்ஸ் பிஸ்கட்டின் மேல் புகையூட்டிய சால்மன், மான்கறி உருண்டை, கிளென் ஃபியார்ன் பெயர் போட்ட விஸ்கி எல்லாம் அடுக்கியிருந்தார்கள். மழையில் நனைந்து வந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் மீன் வாடையும் கூடத்தில் நிறைந்திருந்தன. அந்தத் தாள் கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே சின்ன விளக்கோடு இருந்தது. யாரோ பெட்டியின் மேல் காலி கோப்பை ஒன்றை வைத்திருந்தார்கள். ஊனா அதை எடுத்து, வட்டமாகப் படிந்திருந்த ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

டேவி நிகழ்ச்சிநிரலைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். அவள் திருப்பினாள். மொழிபெயர்ப்பு இருக்க வேண்டிய பக்கத்தில் ஏரிக்கரையில் நிற்கும் ஓர் ஆண் மானின் படம், பின்னால் சூரிய அஸ்தமனம். கீழே: "கிளென் ஃபியார்ன் பாடல், 1819. இயற்றியவர் தெரியவில்லை."

பெத்யூன் கூடத்தின் அந்தப் பக்கம் நின்றிருந்தார். அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, அச்சகத்தில் இடம் போதவில்லை என்பது போலவோ, பிறகு பேசிக்கொள்ளலாம் என்பது போலவோ கையை விரித்துக் காட்டினார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மான் நல்லா வந்திருக்கு" என்றார் டேவி.

பாடினார்கள். கூடம் அசையாமல் கேட்டது. கொல்லனின் குருட்டு விதவை வந்தாள், ஒன்பது நாள் குழந்தை வந்தது, மர்டோ கிழவன் வந்தான். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் ஆண் குரல்கள் தாழ்ந்து, கு ஸவ்வின், கு ஸவ்வின் என்று தொட்டில் ஆட்டுவது போல ஆட்டின. ஊனாவுக்கு அடுத்து நின்ற பேராசிரியர் மனைவி வாயில் மான்கறியோடு கண்களை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தாள். வூன்யாக் உயரே ஏறியது. முன்வரிசையில் ஸ்ட்ராகன் குனிந்து முகத்தைக் கையால் மூடினார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கைதட்டல் அடங்கியதும் அவர் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தார். விரல்களில் மீன் எண்ணெய். அதே விரலால் கண்ணாடியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"நீங்கதான் இவங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்களாம். கிரஹாம் சொன்னாரு. அருமை அம்மணி, அருமை."

ஊனா பெத்யூன் இருந்த பக்கம் பார்க்கவில்லை. பெட்டிகளை நினைத்தாள், ஏலத்தை நினைத்தாள், படிப்பறைச் சுவரில் தொங்கும் கண்ணாடிச் சட்டத்தையும் நினைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். குரலை உயர்த்தாமல், சாதாரணமாகச் சொன்னாள். இது பாட்டில்லை. உங்கள் முன்னோர் துரத்திவிட்ட ஜனங்களின் விண்ணப்பம். நவம்பர் வரைக்கும் இருக்க விடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். பின்பக்கம், ஏற்கவில்லை என்று இருக்கிறது.

ஸ்ட்ராகன் அவளைப் புரியாமல் பார்த்தார்.

"ஆமா, தெரியுமே" என்றார்.

ஊனா தாளிலிருந்து பார்வையை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். தாத்தா காலத்துல மான் வேட்டைக்கு வர்ற விருந்தாளிங்களுக்கு, கேலிக் தெரிஞ்ச காவல்காரன விட்டு இத ஒரு தடவை படிச்சு அர்த்தம் சொல்லச் சொன்னாராம். அதுலேர்ந்து அந்தப் பல்லவி எங்க வீட்டுப் பேச்சாயிடுச்சு. யாராவது தவணை கேட்டாப் போதும். சீட்டாட்டத்துல தோத்தவன் அப்புறம் தர்றேன்னுவான். பசங்க தூங்கப் போக இன்னும் அஞ்சு நிமிஷம்னு கெஞ்சும். மேசையே சேர்ந்து கத்தும், கூசாவின்னு!" அவர் கண்ணின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். "அத இவ்ளோ சோகமா, சர்ச்சுல மாதிரி பாடறாங்களா, சிரிப்ப அடக்கவே முடியல. மன்னிக்கணும்."

முற்றமும் ஏணியும் மூச்சு வாங்கக் கேட்ட டேவியும் ஊனாவின் கண்முன் வந்தார்கள். நாய் அசையாமல் படுத்திருந்ததும்.

"உங்க எல்லாருக்கும் தெரிஞ்சுதான் பாட வச்சீங்கன்னு நெனச்சேன்" என்றார் ஸ்ட்ராகன். "பழசையெல்லாம் மறந்துட்டீங்க, பெரிய மனசுன்னு. நேத்துகூட என் தங்கச்சிகிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவர் முகத்தில் கபடம் எதுவும் இல்லை. ஊனா தேடிப் பார்த்தாள். மீன் எண்ணெயில் மினுங்கும் உதடு, சந்தோஷமான நீலக் கண்கள், அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம்.

"அவங்க கேட்டது அறுப்பு வரைக்கும்தான்" என்றாள்.

"அது நல்ல விளைச்சல் வருஷம்" என்றார் அவர், ஞாபகப்படுத்திக்கொள்பவர் போல. "பார்லி அப்படி விளைஞ்சதாம். நாங்கதான் அறுத்தோம்."

பெத்யூன் தோல் அட்டை போட்ட பத்திரத்தோடும் பேனாவோடும் வந்து சேர்ந்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன பேசினார்கள் என்று தெரியாத பதற்றத்தில் குரல் சற்று உயர்ந்திருந்தது.

"ஒண்ணும் அவசரமில்ல ஹ்யூகோ. நிதானமா படிங்க. வேணும்னா இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கிட்டுக்கூட..."

"கூசாவின்!" என்றார் ஸ்ட்ராகன். ஊனாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

பெத்யூன் அர்த்தம் தெரியாமலே சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். பிப்பா அந்தச் சொல்லைத் தன் பாட்டிலிருந்து அவர் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு, நெஞ்சில் கைவைத்து நன்றி சொன்னாள். ஸ்ட்ராகன் கண்ணாடிப் பெட்டியின் மேலேயே பத்திரத்தை விரித்து வைத்து, எந்தப் பக்கத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். புகைப்படம் எடுத்தார்கள். படத்தில் ஊனாவையும் நிற்கச் சொன்னார்கள். அவள் அங்கே இல்லை. பணியாளர் கழிப்பறையில், மணிக்கட்டுவரை சோப்பு தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

டேவி அவளுடைய கோட்டோடு வெளியே காத்திருந்தார். "பொட்டிங்க நம்மளுதாயிடுச்சு பொண்ணே" என்றார்.

"ம்" என்றாள் ஊனா.

மறுநாள் காலை அவள் நூலகப் பட்டியலில் அந்தப் பதிவைத் திருத்தினாள். "கிளென் ஃபியார்ன் குடியிருப்பாளர்களின் விண்ணப்பம், கேலிக், 1819. அறுவடைவரை தங்க அனுமதி கேட்டது. மறுக்கப்பட்டது." பெயர்களை எல்லாம் வரிசையாகச் சேர்த்தாள். இயக்குநர் பதிவை ஏற்றுக்கொண்டார். தேடுபவர்கள் வசதிக்காக ஒரு வரியை மட்டும் கூட்டினார்: "வேறு பெயர்: கிளென் ஃபியார்ன் பாடல்."

கிறிஸ்துமஸுக்கு முன் பாட்டின் குறுந்தகடு நூலகக் கடையில் விற்பனைக்கு வந்தது. அட்டையில் மான் படம் இருந்தது.